உப்புக்காற்றில் ஆர்கிட்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான வளர்ப்பு முறை

கடலூரிலோ புதுச்சேரியிலோ வாங்கி வைத்த ஆர்கிட் செத்துப்போனால், பழி சித்திரை வெயிலின் மேல்தான் விழும். பெரும்பாலும் செடியைக் கொல்வது வெயில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும் வேரும், ஆண்டு முழுவதும் ஊற்றும் உப்புத் தண்ணீரும்தான். இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் நம் கடற்கரையின் வெப்பமும் காற்றில் உள்ள ஈரமும் பல ஆர்கிட் வகைகளுக்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

காரணம் வேரில் இருக்கிறது. டென்ட்ரோபியம் என்ற ஆர்கிட் வகையின் தொட்டி ஒன்றைக் கையில் எடுத்து, விளிம்பைத் தாண்டித் தொங்கும் வேரைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது அது சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். நுனியில் ஒரு செ.மீ. அளவு மட்டும் பச்சையாகப் பளபளக்கும். தண்ணீர் தெளித்தால் கண் எதிரிலேயே முழு வேரும் பச்சையாக மாறும். அந்த வெள்ளைப் போர்வைக்கு வெலாமன் என்று பெயர். உள்ளே ஒன்றுமில்லாத, இறந்த செல்களின் அடுக்கு அது. மழை விழும் சில நிமிடங்களில் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்போது அது ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. பிறகு நீர் வடிந்து, அந்த இடத்தில் காற்று நிறைய வேண்டும். நிறையாவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். உலகில் ஏறக்குறைய 28,000 ஆர்கிட் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மரக்கிளைகளில் தொற்றி வாழ்பவை, மண்ணையே தொடாதவை. தொட்டியில் வைக்கும்போது நாம் உண்டாக்க வேண்டியது அந்தக் கிளையின் நிலைமையைத்தான்: நன்றாக நனைய வேண்டும், சீக்கிரம் காய வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஐரோப்பாவில் செத்த செடிகளுக்குக் கணக்கே கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெப்ப நாட்டுச் செடிதானே என்று மூடிய கண்ணாடி வீட்டுக்குள் சூடேற்றி, காற்றே புகாமல், நீராவியில் வைத்தார்கள். 1830களில் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், காற்றோட்டம் விட்டு, சூட்டைக் குறைத்து வளர்த்துக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. மழைக்குப் பயந்து பால்கனியை நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாளால் மூடுகிறவர்கள் அந்தப் பழைய கண்ணாடி வீட்டைத்தான் மறுபடி கட்டுகிறார்கள்.

எதை வாங்குவது

முதல் செடி டென்ட்ரோபியம் கலப்பினமாக இருக்கட்டும். கல்யாண மேடை அலங்காரத்தில் வருமே, ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ, அது சோனியா வகை. வெள்ளை வேண்டுமென்றால் எம்மா ஒயிட். இரண்டும் நம் வெப்பத்தில் தடங்கலில்லாமல் பூக்கும். அடுத்தது மொக்காரா, வாண்டா. இவற்றுக்கு வெளிச்சமும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். தினமும் கவனிக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றவை.

நர்சரியில் கண்ணைப் பறிப்பது ஃபலனாப்சிஸ். அகன்ற பூ, இரண்டு மூன்று மாதம் வாடாது. ஆனால் அது புதிதாகப் பூந்தண்டு விட, சில வாரங்கள் தொடர்ந்து வெப்பம் 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில்கூட நமக்கு இரவில் 20 முதல் 22 டிகிரி வரைதான் இறங்கும்; பகலில் 28ஐத் தாண்டிவிடும். செடி சாகாது, இலை விடும், பூக்கத்தான் யோசிக்கும். ஏ.சி. அறையின் ஜன்னல் ஓரத்தில் வைக்க முடியுமானால் வாங்குங்கள். சிம்பிடியம் கலப்பினங்களையும் பாஃபியோபெடிலத்தையும் இங்கே வாங்கவே வேண்டாம். அவை குளிர்ந்த மலைக்குரியவை. அவற்றைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்கிட் தோட்டம் இருக்கிறது.

நம் மண்ணுக்கே உரிய ஆர்கிட்டும் உண்டு. வாண்டா டெசல்லாட்டா என்பது கடலோரப் புதர்க்காடுகளிலும் கோயில் காடுகளிலும் மரங்களில் தொற்றி வளர்வது. மஞ்சளும் பழுப்பும் கட்டம் கட்டமாக ஓடும் இதழ், ஊதா உதடு (மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நிற்கும் இதழ்), நல்ல மணம். வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் வெளியிடத் தொடங்கிய கோரமண்டல் கடற்கரைத் தாவர நூலில் இதற்குத் தனிப் படம் உண்டு. இதைக் காட்டிலிருந்து பிடுங்கி வரக்கூடாது. பழைய மரத்தின் பட்டையோடும் அதிலுள்ள பூஞ்சையோடும் ஒட்டி வளர்ந்த செடி, வேரறுத்து வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. எல்லா ஆர்கிட் இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை; நீல வாண்டா, சிவப்பு வாண்டா, லேடி ஸ்லிப்பர் வகைகளுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலும் உண்டு. வாங்குவது எப்போதும் திசு வளர்ப்பில் வந்த நர்சரிச் செடியாகவே இருக்கட்டும்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். தொட்டியோடு சேர்ந்து ஆடினால் வேர் பிடித்திருக்கிறது, தண்டு மட்டும் ஆடினால் வேர் இல்லை. கடைசியாக வந்த தண்டு, அதற்கு முந்தைய தண்டைவிட உயரமாகவோ தடிமனாகவோ இருந்தால் செடி ஏறுமுகத்தில் இருக்கிறது. இலைக்காம்புகளின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி; அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

இடமும் நிழலும்

டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை போதும். சித்திரை முதல் ஆனி வரை அதன் மேல் இன்னொரு 50 சதவீத வலையைப் போட்டால் நிழல் 75 சதவீதம் ஆகும். ஆடி பிறந்ததும் மேல்வலையை எடுத்துவிடுங்கள். எடுக்க மறப்பதுதான் பல வீடுகளில் பூ வராததற்குக் காரணம். வெளிச்சம் சரியா என்பதை இலையே சொல்லும். கரும்பச்சையாக, தளதளவென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை. பார்க்க அழகாயிருக்கும், பூக்காது. லேசாக மஞ்சள் ஓடிய பச்சைதான் சரி. நடு இலையில் வெள்ளைத் திட்டு விழுந்து பிறகு கறுத்தால் வெயில் சுட்டிருக்கிறது.

மொட்டைமாடியில் தொட்டியைத் தளத்தில் வைக்காதீர்கள். சிமெண்ட் தளம் மாலை வரை சூட்டைக் கக்கும். இரண்டரை, மூன்று அடி உயரக் கம்பி ஸ்டாண்டில் வையுங்கள், அல்லது தொங்கவிடுங்கள். வலை 8, 9 அடி உயரத்தில் இருக்கட்டும். வைகாசி, ஆனியில் மேல்காற்று வீசும் நாட்களில் கடல்காற்று பிற்பகல் வரை வராது. காற்று அந்த நேரத்தில் எலும்புபோல் காய்ந்திருக்கும். மொட்டு உதிர்வது அப்போதுதான். மேற்குப் பக்கம் வலையைத் திரையாகத் தொங்கவிட்டு, காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் தரையை மட்டும் நனையுங்கள். கொதிக்கும் இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

தண்ணீர்

இந்தக் கரையில் ஆர்கிட் வளர்ப்பின் பாதி விஷயம் இதுதான். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. அளவு 200க்குள் இருந்தால் கவலையின்றி ஊற்றலாம். 200 முதல் 400 வரை என்றால் வாரம் ஒருமுறை மழைநீராலோ ஆர்.ஓ. நீராலோ தொட்டியைக் கழுவிவிட வேண்டும். 500ஐத் தாண்டிய போர் தண்ணீரை ஆர்கிட்டுக்கு ஊற்றாதீர்கள். முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு பச்சை வேர்நுனி பழுப்பாகி நின்றுவிடும், இலைநுனி கருகும், மண்சட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறும். வேர்நுனி ஒருமுறை செத்தால் அந்த நுனி மறுபடி நீளாது; பக்கத்தில் கிளை வேர் விட்டால்தான் உண்டு.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தென்னைக்கு அது பரவாயில்லை. ஆர்கிட்டுக்கு விஷம், ஏனென்றால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உப்பை வைத்து இயங்கும் மென்னீர்க் கருவியின் தண்ணீரும் அப்படித்தான். அதில் சோடியம் கூடியிருக்கும்.

நல்ல வழி மழைநீர். கணக்கு எளிது: 100 சதுர அடி கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கும். பத்துத் தொட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்தால், தை முதல் ஆனி வரை ஆறு மாதத்துக்கு 450 லிட்டர். ஒரு 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் போதும். பருவத்தின் முதல் மழை கூரைத் தூசியையும் கடல் உப்பையும் கழுவி வரும். அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். தொட்டி வாயை நெருக்கமான வலையால் கட்டாவிட்டால் கொசு முட்டையிடும்.

ஊற்றுவது காலை 7 மணிக்குள். அடி ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றி, பிறகு விட்டுவிடுங்கள். அரை டம்ளர் அரை டம்ளராக நாலு வேளை ஊற்றினால் உப்பு உள்ளேயே தங்கும். அடுத்தது எப்போது என்பதை நாள்காட்டி பார்த்து முடிவு செய்ய வேண்டாம், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாகி, தொட்டி கனமில்லாமல் இருந்தால் ஊற்றுங்கள். கோடையில் இது அநேகமாக தினமும் வரும். கூடையில் வெறும் வேரோடு தொங்கும் வாண்டாவுக்குக் காலையும் மாலை 5 மணிக்கும் வேண்டும். இருட்டும் முன் இலை காய்ந்திருக்க வேண்டும். டென்ட்ரோபியமும் வாண்டாவும் நம் பகுதிக் கற்றாழையைப் போலவே இலைத்துளைகளை இரவில் திறந்து காற்றை வாங்குபவை. பகலில் அவற்றை மூடி ஈரத்தைச் சேமிக்கும்.

தொட்டியில் வைக்கும் முறை

பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண்சட்டி வாங்குங்கள். ஓர் இளம் டென்ட்ரோபியத்துக்கு 4 அங்குலம், வளர்ந்ததற்கு 5 அல்லது 6. பெரிய சட்டி வைத்தால் செடி பெரிதாகும் என்று நினைப்பது இங்கே தலைகீழாகப் போகும்: வேர் எட்டாத நடுப்பகுதி காயாமல் கிடந்து அழுகலைக் கொண்டுவரும்.

நிரப்ப, அடுப்புக்கரி இரண்டு பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுச்சில்லு ஒரு பங்கு. துண்டுகள் ஒன்றரை முதல் 2 செ.மீ. அளவில் இருக்கட்டும். இரண்டையும் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துத் தூசி போகக் கழுவுங்கள். தூசி தங்கினால் சேறாகும். தேங்காய் மட்டைத் துண்டு மலிவாகக் கிடைக்கிறது, எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். இந்தக் கரையில் அதை முழு நிரப்பாகப் போடுவது சரியில்லை என்பது எங்கள் கருத்து. அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கிறது. அதைவிட, கார்த்திகை மழையில் அது வாரக்கணக்கில் காய்வதில்லை. தினமும் தண்ணீர் ஊற்ற முடியாதவர்கள் நான்கில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். ஒரு வாரம் தினமும் நீர் மாற்றி, சாயம் இறங்குவது நின்ற பிறகு. மண்ணும் எருவும் ஒரு பிடிகூட வேண்டாம்.

மாற்றி வைக்க ஏற்ற காலம் தை, மாசி அல்லது ஆடி, ஆவணி. அதிலும் புதுத் தளிரின் அடியில் வேர் எட்டிப் பார்க்கும் நேரம்தான் சிறந்தது.

செடியைப் பழைய சட்டியோடு 15 நிமிடம் நீரில் வையுங்கள். வேர் வளைந்து கொடுக்கும், ஒடியாது. வெளியே எடுத்து ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உயிருள்ளது. தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்தது, வெட்டிவிடுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் தீயில் காட்டுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை வெட்டும் கருவி வழியாகத்தான் பரவுகின்றன, பரவிவிட்டால் மருந்து கிடையாது. சட்டியின் அடி மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிய ஓட்டுச்சில்லு போடுங்கள். பழைய தண்டு சட்டி விளிம்பை ஒட்டியும், புதுத் தளிர் நடுப்பக்கம் பார்த்தும் இருக்கும்படி செடியை நிறுத்தி, வேரைச் சுற்றிக் கரித்துண்டை இறக்குங்கள். தண்டுகளை இணைக்கும் கிடைத்தண்டு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் தளிர் அடியிலேயே கறுத்துப்போகும். கடைசியாக ஒரு குச்சி ஊன்றி, செடி அசையாதபடி கட்டுங்கள். ஆடிக்கொண்டே இருக்கும் செடியில் புது வேர்நுனி கரியில் உரசி முறியும்.

முதல் மூன்று நாள் மேலாகத் தெளிப்பு மட்டும். இரண்டு மூன்று வாரம் கூடுதல் நிழல். புது வேர் தெரியும் வரை உரம் வேண்டாம். இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டாதீர்கள், அது செடியின் உணவுக் கிடங்கு. சில சமயம் அதிலேயே மறுபடி பூவும் வரும். கரி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

மரத்தில் கட்டுவது தொட்டியைவிட எளிது. பட்டை சொரசொரப்பாக, உரியாமல் இருக்கும் மரம் வேண்டும்: மா, சப்போட்டா, பூவரசு, தென்னை. கொய்யா பட்டையை உரித்துப்போடும், வேண்டாம். தண்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கத்தில், ஆடி மாதத்தில், தங்கூசி நரம்பால் இறுக்கிக் கட்டினால் ஐப்பசி மழைக்குள் வேர் பட்டையைப் பிடித்துவிடும். பிறகு நரம்பை அறுத்துவிடலாம்.

உரத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை, வேர் ஏற்கெனவே நனைந்திருக்கும்போது. மழைநீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் மாதம் ஒருமுறை லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட், தனி நாளில். இரண்டையும் கலந்தால் பாஸ்பேட் வீழ்படிந்து வீணாகும். அடைமழைக் காலத்தில் உரத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினாலோ வேர் கெட்டாலோ டென்ட்ரோபியம் பூவுக்குப் பதில் தண்டின் கணுவில் குட்டிச் செடி விடும். குட்டியின் வேர் இரண்டு அங்குலம் ஆனதும் பிரித்து நடலாம். ஆனால் முதலில் தாய்ச்செடியின் வேரைச் சோதியுங்கள்.

மழையும் புயலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், வலைக்கு மேல் ஒளி புகும் தாளால் சரிவான கூரை போடுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மழையில் நனைவது தப்பில்லை. தொடர்ந்து மூன்று நான்கு நாள் காயாமல் இருப்பதுதான் ஆபத்து.

அப்போது வருவது கருப்பழுகல். தளிரின் அடியிலோ இலைக்காம்பிலோ கறுப்பாகத் தொடங்கி, மஞ்சள் ஓரத்தோடு ஏறும். இலையைத் தொட்டால் கையோடு வரும். இதற்கு வீட்டிலிருக்கும் கார்பன்டாசிம் பூஞ்சைக்கொல்லியை அடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் செடியை இழக்கிறார்கள். கருப்பழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா, பித்தியம் இரண்டும் உண்மையான பூஞ்சைகள் இல்லை. கார்பன்டாசிம் அவற்றைத் தொடாது. மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுத் தெளியுங்கள். அதற்கு முன் கறுத்த பகுதிக்குக் கீழே ஒரு அங்குலம் நல்ல தண்டையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம், வேரில் படாமல். படும் வேரை அது உலர்த்திவிடும். நீர் கோத்ததுபோல் இலை கசிந்து நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். வெட்டி, காற்றில் காயவைப்பதே வைத்தியம். டென்ட்ரோபியத்துக்குச் செம்பு மருந்து அடிக்காதீர்கள், தளிர் கருகும்.

மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும், மாலையில். நத்தையை இரவில் டார்ச் வைத்துப் பொறுக்குங்கள். ஒரு நத்தை ஒரே இரவில் எல்லா வேர்நுனியையும் தின்றுவிடும்.

2011 டிசம்பர் 30 தானே, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் போன்ற புயலைக் கண்ட கரை இது. எச்சரிக்கை வந்ததும் நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டுங்கள். விட்டால் அது காற்றைப் பிடித்து ஸ்டாண்டையே சாய்க்கும். தொங்கும் தொட்டிகளை இறக்கி, வராந்தாவிலோ மாடிப்படி அடியிலோ நெருக்கி வையுங்கள். இரண்டு நாள் இருட்டு ஒன்றும் செய்யாது. மின்சாரம் போகும் முன் நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். புயல் ஓய்ந்ததும் இலையையும் வேரையும் அந்த நீரால் கழுவி, கடலிலிருந்து வந்த உப்பை இறக்கிய பிறகே பழைய இடத்தில் தொங்கவிடுங்கள்.

பூவும் காயும்

டென்ட்ரோபியம் பூந்தண்டு செடியிலேயே ஐந்தாறு வாரம் நிற்கும். வீட்டுக்குள் கொண்டு வந்தால் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு, மகரந்தம் சேர்ந்துவிட்டது என்று பூவை ஏமாற்றி வாடச் செய்யும்.

ஒரு பூவைக் கையில் பிடித்துப் பாருங்கள். மொட்டாக இருந்தபோது மேலே இருந்த உதடு, விரியும் முன் காம்பு அரை வட்டம் முறுக்கித் திரும்பியதால் கீழே வந்திருக்கிறது. வண்டு வந்து இறங்க அதுதான் மேடை. நடுவில் உள்ள சின்னத் தூணின் நுனியில் ஒரு வெள்ளைத் தொப்பி. பல்குச்சியின் நுனியைத் தூணின் அடியிலுள்ள பசையான குழியில் தொட்டுவிட்டு, தொப்பியை மெல்லத் தூக்கினால் மஞ்சள் மகரந்த உருண்டைகள் குச்சியில் ஒட்டி வரும். மற்ற பூக்களைப் போலப் பொடியாக அது இருப்பதில்லை. உருண்டையை இன்னொரு செடியின் பூக்குழியில் வைத்தால் மகரந்தச் சேர்க்கை முடிந்தது. ஓரிரு நாளில் பூ வாடத் தொடங்கும், காம்பு பருக்கும். வெனிலாவும் ஆர்கிட்தான். அதன் பூவில் இதே வேலையைக் குச்சியும் கட்டைவிரலும் கொண்டு செய்யும் எளிய முறையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டவர் எட்மண்ட் ஆல்பியஸ், 12 வயது அடிமைச் சிறுவன். புதுச்சேரிக் கரையிலிருந்து பலர் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவு அது. இன்றும் உலகின் வெனிலாக் காய்கள் அந்தக் கைவேலையால்தான் விளைகின்றன.

மூன்று நல்ல தண்டுகூட இல்லாத செடியில் காய் விடாதீர்கள், கிள்ளிவிடுங்கள். காய் முற்றப் பல மாதம் ஆகும், அதுவரை புதுத் தண்டு தேங்கிவிடும். விட்டால், ஒரு காய்க்குள் தூசி போன்ற விதை லட்சத்தைத் தொடும். அவற்றைக் கரியில் தூவி முளைக்க வைக்க முடியாது. விதையில் சேமித்த உணவு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை 1899இல் பிரெஞ்சுக்காரர் நோயல் பெர்னார் கண்டார். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த அகர் கூழிலேயே முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார். அந்த முறையில் வளர்க்கத் திசு வளர்ப்புக் கூடத்திடம் கொடுப்பதானால், காய் வெடிக்கும் முன், பச்சையாக இருக்கும்போதே காம்போடு அறுத்து, காகிதத்தில் சுற்றி ஓரிரு நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். வெடித்துவிட்டால் விதையில் கிருமி ஏறும், சுத்தம் செய்யும் மருந்து விதையையும் சேர்த்துக் கொல்லும்.